தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பொம்மை

பொம்மை சேகரிப்பவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பொம்மை மட்டும் இருந்தால் போதாது. கடைப் பெட்டியிலிருந்து வரும்போது அது உடுத்தியிருந்த அதே துணி வேண்டும், குட்டிச் செருப்பு முதற்கொண்டு. எனக்கும் அது முற்றிவிட்டது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரி முழுக்க இடுப்பு ஒடுங்கிய வெள்ளைக்காரிகள் நிற்கிறார்கள், அவரவர் துணியில். "பேத்தி எடுத்தவ செய்யிற வேலையா இது?" என்பார் வீட்டுக்காரர். "நீங்க சீட்டாடப் போறீங்களே, நான் கேட்டேனா?" என்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆனால் என் முதல் பொம்மைக்கு மட்டும் அதன் துணி இல்லை. அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்து என்ன புண்ணியம்?

சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த பொம்மை அது. அப்போது நாங்கள் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். அப்பாவுக்கு நிறைய நிலம். பொம்மை, வெள்ளையில் நீலக் கோடு போட்ட நீச்சலுடையில் வந்து இறங்கியது. நீச்சலுடையை எங்கள் வீட்டில் யார் கண்டது? ஆற்றில்கூடச் சேலையோடு குளிக்கிற ஊர். அம்மா பதறிப்போனாள். "ஐயையோ, உள்பாடியோட வந்திருக்காளே! மேல்துணிய கப்பல்ல எவனோ உருவிட்டான்." மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா நம்புவதாக இல்லை. தன் பழைய வாயில் சேலையில் ஒரு துண்டு கிழித்து, நீச்சலுடைக்கு மேலேயே சுற்றிவிட்டாள்.

எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் ஒரு பெண்ணின் மகள் என் வயதுக்காரி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெரு. தன் அம்மாவோடு கொல்லை வரைக்கும் வருவாள். வீட்டுக்குள் விடமாட்டார்கள். பெரியவர்கள் முன்னால் என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவாள். பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னை! வைக்கோல் போருக்குப் பின்னால் போனதும், "என்னடி, பொம்மைய எடுத்துட்டு வந்தியா?" என்பாள். அந்த "டி"யைக் கேட்கத்தான் நான் வைக்கோல் போருக்கு ஓடியிருக்கிறேன். என்னை அப்படிக் கூப்பிட வேறு ஒரு ஜீவன் அந்த வீட்டில் இல்லை.

அவள் அக்காவுக்கு அப்போதுதான் சடங்கு நடந்திருந்தது. அந்த ஞாபகத்தில் இவள் சேலைத் துண்டை விலக்கிப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன்டி, இது பெரிய மனுஷி ஆயிடுச்சே. தலைக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்லையே."

"நல்ல வீடுதான் போ!"

வைக்கோலில் ஒரு குடிசை கட்டினோம். அம்மா அரைத்து வைத்திருந்த மஞ்சளை நான் கிண்ணத்தோடு தூக்கி வந்தேன். பொம்மையை நீச்சலுடையோடு உட்காரவைத்து, அப்பு அப்பு என்று அப்பி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அவள் குலவை போட்டாள். ஈரத்தோடு அது சாயங்காலம் வரைக்கும் குடிசையிலேயே இருந்தது. ரப்பரில் மஞ்சள் ஏறினால் ஜென்மத்துக்கும் இறங்காது என்று எங்களுக்கு என்ன தெரியும்? வயிறு, தொடை, துணி எல்லாம் மஞ்சள். நான் ஓவென்று அழுதேன். "அழாதடி. துணிய நான் சோப்பு போட்டு அலசிக் கொண்டாரேன்" என்று நீச்சலுடையை மட்டும் எடுத்துப் போனாள்.

அந்த வாரமே கூலித் தகராறு வெடித்தது. ஏழைகளின் ஆட்சி என்று ஊருக்கு ஊர் மேடையில் முழங்கிக்கொண்டிருந்த காலம்தான். எங்கள் வரப்புக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. நடவாட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். அப்பா வெளியூர் ஆட்களை இறக்கினார். மறித்தவர்கள் மேல் புகார் கொடுத்தார். போலீஸ் பிடித்துப் போனவர்களில் அவள் அப்பாவும் ஒருவர்.

பிறகு ஒருநாள் வாய்க்கால் மதகில் அவளைப் பார்த்தேன். சுற்றிலும் ஒருவரும் இல்லை. "துணி எங்கடி?" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "வழி விடுங்க" என்றாள். யாரும் இல்லாத இடத்தில் "ங்க" போட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பமே உறவுக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டது.

வங்கி வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று காலம் ஓடியது. ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில் தேடி, அதே நீலக் கோடு போட்ட நீச்சலுடையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அச்சாகப் பொருந்தியது. பார்க்கவே பிடிக்கவில்லை. கழற்றி வைத்துவிட்டு மறுபடி அம்மாவின் சேலைத் துண்டையே சுற்றினேன். பருவுக்குப் போடும் களிம்பைத் தடவி வெயிலில் வைத்தால் கறை போய்விடும் என்று சேகரிப்பாளர்கள் யோசனை சொன்னார்கள். உங்கள் யோசனையில் இடி விழ என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்தத் துணி வேண்டும், அதை அவள் கையால் தர வேண்டும்.

போன தை மாதம் மன்னார்குடியில் ஒரு கல்யாணத்தில் அவள் தம்பியைப் பார்த்தேன். அவள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுக் கீழ்வேளூரில் வீடு கட்டியிருப்பதாகச் சொன்னார். பொம்மையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன்.

"வாங்க, உக்காருங்க" என்றாள். முடி நரைத்திருந்தது, குரல் அதேதான். நானும் "நல்லா இருக்கீங்களா?" என்றேன். வேறு எப்படிக் கேட்பது? என் வாயிலிருந்து "டி" வந்தால் அது அப்பா அவள் அம்மாவைக் கூப்பிட்ட "டி" ஆகிவிடும். அவள்தான் முதலில் சொல்ல வேண்டும்.

துணியைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கப்பாவப் புடிச்சிட்டுப் போன அன்னிக்கு வேலிப் படல்ல காஞ்சுக்கிட்டு இருந்திச்சுங்க. அம்மா பாத்துட்டாங்க. அந்த வீட்டுப் பொருளு நமக்கு எதுக்குன்னு அடுப்புல போட்டுட்டாங்க."

பொம்மையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் மெல்லச் சேலைத் துண்டை விலக்கினாள். வயிறு அப்படியே மஞ்சளாக இருந்தது.

"அடியேய்! இன்னும் போகலையாடி!" என்று கத்தினாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சட்டென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொம்மைக்குத் துண்டைச் சரியாகச் சுற்றி என்னிடம் தந்தாள்.

"காபிக்குச் சக்கரை போட்டுக்குவீங்களா?"

"போடுங்க" என்றேன். எனக்குச் சர்க்கரை வியாதி. சொன்னால் காபி வேண்டாம் என்று ஆகி, கிளம்ப வேண்டியிருக்கும். இன்னொரு தடவை "டி" போட்டுக் கூப்பிட மாட்டாளா என்று அந்தக் காபியை ஆறிப்போகும் வரை குடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது வாசல் வரைக்கும் வந்தாள்.

"பாத்துப் போங்க" என்றாள்.