தீனதயாளன் போடாத புகையிலை

நாற்பத்தெட்டு வயதில் தீனதயாளனுக்கு அடிநாக்கில், தொண்டை ஓரமாக, புற்றுநோய் வந்தது. வந்ததோடு விட்டதா? "எத்தினி வருஷமா போட்ற?" என்று ஊரே கேட்டுப் பிராணனை வாங்கியது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் தனியார் பஸ்ஸில் இருபது வருடமாக அவன் கண்டக்டர். அந்த வாய் விசில் ஊதியிருக்கிறது, சில்லறைக்காகச் சண்டை போட்டிருக்கிறது, ஒரு நாளும் புகையிலையைத் தொட்டதில்லை. தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியும் ஒரு ஜென்மமும் நம்பவில்லை.

நம்பாதவர்களில் முதல் ஆள் அவன் பெண்டாட்டி சுஜாதா. டிரைவர் ஜானகிராமனுக்குப் புகையிலை இல்லாமல் வண்டி ஓடாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் மகள் பிடுங்கிச் சாக்கடையில் போட்டுவிடுவாள் என்று, பொட்டலங்களைத் தீனதயாளனின் தோல்பையிலேயே போட்டுவைப்பான். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிற்கும்போது கையை நீட்டுவான். தினமும் பையைத் தட்டிக் கவிழ்க்கும் சுஜாதா கண்டது அந்தப் பொட்டலங்களைத்தான். டிரைவருடையது என்று சொன்னால் அவள் கேட்டால்தானே?

ஆஸ்பத்திரியில் டாக்டர் துர்காதேவி, "புகையிலை உண்டா?" என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் சுஜாதா முந்திக்கொண்டாள். "போடுவாரு மேடம். பையில நானே பாத்துகீறேன்." ஃபைலில் 'உண்டு' என்று ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நர்ஸிலிருந்து ஸ்கேன் எடுப்பவர் வரை எல்லோரும் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டு அவனுக்குப் புத்தி சொன்னார்கள்.

அடுத்த முறை போனபோது அவன் வெடித்தான். "பேஜாரா கீது மேடம்! சாவறதுன்னா சாவறேன், பொய்யனா சாவணுமா?"

"உட்காருங்க" என்றார் டாக்டர். "கட்டி இருக்கிற இடத்துக்கு எப்படியும் பி16னு ஒரு டெஸ்ட் பார்ப்போம். ஏற்கெனவே எடுத்த சதையிலேயே சாயம் ஏத்திப் பார்க்கிறது. பாஸிட்டிவ்னு வந்தா, பெரும்பாலும் ஹெச்.பி.வி.ங்கிற வைரஸ்தான் காரணமா இருக்கும். அந்த வகைக் கட்டி வைத்தியத்துக்கு நல்லா கேக்கும்."

பத்து நாள் காத்திருந்தான். பிழைக்க வேண்டும், பெண்டாட்டி நம்ப வேண்டும். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டிருந்தால், அந்தக் கோபத்தில் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பான்.

பாஸிட்டிவ் என்று வந்தது. "கேட்டுக்கினியா? நல்லா கேட்டுக்கோ!" என்று அவன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

சுஜாதா அவன் பக்கம் திரும்பவில்லை. "அந்த வைரஸு எப்டி மேடம் ஒட்டும்?"

டாக்டர் ஃபைலை மூடினார். "பெரும்பாலும் உடலுறவு மூலமா. பல வருஷம் முன்னாடி வந்து உள்ளயே இருந்திருக்கலாம். யார்கிட்டேர்ந்துன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. யாரும் யாரையும் குத்தம் சொல்லாதீங்க."

சுஜாதா பஸ் ஸ்டாப் வரை விறுவிறுவென்று நடந்தாள். அங்கே நின்று கேட்டாள்: "யாருய்யா அவ?"

தீனதயாளன் மறைக்கவில்லை. "அச்சரப்பாக்கத்துல லாரி ஷெட்ல இருந்தப்போ ஒருத்தி. கல்யாணத்துக்கு முன்னாடி. ரெண்டு மாசம், அதோட சரி. உன்னக் கட்டினப்புறம் யாருமே இல்ல."

"சரி. நம்பறேன்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி! போடல போடலன்னு நாலு மாசமா தொண்ட கிழியக் கத்துனேன், நம்பல. இத மட்டும் ஒடனே நம்பறியா? இன்னா நாயம்டி இது?"

சுஜாதாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. "புகையிலைன்னா புடுங்கிப் போட்டுடலாம், திட்டி நிறுத்திடலாம், நீ பொழச்சிக்குவன்னு நெனச்சிக்கினு இருந்தேன்யா. நீ ஒண்ணுமே பண்ணாம இது வந்துதுன்னா, நான் யார்கிட்டய்யா போய் சண்ட போடுவேன்?"

தீனதயாளன் அவள் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நெருங்கி நின்றான்.