பொட்டு வைத்த படை

2008ஆம் ஆண்டு ஆயுத பூஜை. அப்போது சேலையூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். காலையில் பொரியும் பூசணிக்காயும் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போன எனக்கு, கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வீடு திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

என் படையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் வீரர்களை மேஜைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. நாற்பத்திரண்டு வயதில் அந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த எழுபத்திரண்டு பேரின் இரும்புத் தொப்பிகளையும் அறுத்தெடுத்துவிட்டு, குழாய் ஒட்டும் பசைமாவில் தலைப்பாகை கட்டினேன். வாளைப் பிடுங்கிவிட்டு, குண்டூசியைத் தட்டி வேல் செய்து கொடுத்தேன். யாருக்கு எந்தத் தேதியில் என்ன வண்ணம் பூசினேன் என்பதெல்லாம் டைரியில் இருக்கிறது. மொத்தம் மூன்று வருட வேலை.

என்னோடு ஆடுபவர் பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்யும் பாய். வண்ணம் பூசாத வீரன் மேஜையில் இறங்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். அதைப் போட்டவன் நான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக என் முழுப் படையும் களம் இறங்குவதாக இருந்தது.

பூசணிக்காயோடு உள்ளே நுழைந்தால், அலமாரியில் ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினேன்.

"ஸ்கூட்டருக்கு வெச்சேன், மிக்ஸிக்கு வெச்சேன், அருவாமனைக்கு வெச்சேன். இந்த வீட்டுல நெஜமாவே கையில ஆயுதத்தோட நிக்கறது இவங்கதான். இவங்களை விட்டா நீங்கதானே கேப்பீங்க?" என்றாள் மனைவி.

"நான் எதுக்குக் கேக்கப் போறேன்?"

"போன வருஷம் ஸ்டேப்ளருக்கு வைக்கலன்னு கேக்கல? டைரியில எழுதிக்கூட வெச்சிருப்பீங்களே!"

எழுதித்தான் வைத்திருந்தேன்.

ஈரத் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். "தொடாதீங்க, காஞ்சா தானா உதிர்ந்துடும்" என்றாள். கேட்கவில்லை. பொட்டோடு கண்ணும் மீசையும் முக வண்ணமும் சேர்ந்து வந்தன. பதினோராவது ஆளைத் துடைத்த பிறகுதான் நிறுத்தினேன். வார்னிஷ் அடித்திருந்தால் வண்ணம் தாங்கியிருக்கும். பளபளக்குமே என்று அடிக்காமல் விட்டவனும் நான்தான். முகத்துக்கு நானே கலந்த வண்ணமோ தீர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அறுபத்தோரு பேரோடு பல்லாவரம் போனேன். பாய் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் லென்ஸை எடுத்து ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அண்ணா, இந்தப் பொட்டு யாரு வெச்சது?"

"வேற யாரு, உங்க அண்ணிதான்."

"மூணு வருஷமா உங்க ஆளுங்க எல்லாம் ஒன்றரைக் கண்ணோட நிக்கறாங்க. இது எள்ளு அளவுதான் கீது, ஒண்ணுகூட கோணல பாருங்க. எதால வெச்சாங்க?"

தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

"சரி, மிச்சம் பதினோரு பேரு எங்க?"

"முகம் போயிடுச்சு பாய். துடைச்சுட்டேன்."

"சட்டம் சட்டம்தான் அண்ணா" என்று அப்போதுதான் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் என் படை தோற்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"துடைப்பக் குச்சியோட நுனியை பிளேடால சீவிக்கிட்டேன். குனிஞ்சு குனிஞ்சு என் கழுத்தே ஒடிஞ்சு போச்சு. ஒத்தைக் கை ஆளு ஒருத்தன் இருக்கானே, அவனுக்குத் தலைப்பாகை கண்ணு வரைக்கும் இறங்கியிருக்கு. அதனால கேடயத்துல வெச்சேன்."

வாளைப் பிடுங்கும்போது அவன் கையும் வெட்டுப்பட்டது என் தவறு. டைரிக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். என் படையை அவள் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை என்பதுதான் மூன்று வருடமாக என் குறை.

அந்தப் பதினோரு பேருக்குக் கண் வரைந்து தருகிறாயா என்று மெதுவாகக் கேட்டேன்.

"உங்க பெயிண்ட்டும் வேணாம், உங்க கத்தலும் வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரத்தில் பொட்டுகள் தாமாகவே உதிர்ந்தன. முக வண்ணத்தை மறுபடி கலந்து, பதினோரு பேருக்கும் நானே கண் வரைந்தேன், வழக்கம்போல ஒன்றரைக் கண்ணாக. இப்போதும் வீட்டில் எதையாவது பார்த்துக் கோபம் வரும்போது, இதை எப்படிச் செய்தாய் என்று முதலில் கேட்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பாதி நாள், கத்தி முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது.