மாமா போட்ட நீலக் கோடு

என் மேசை லாச்சியில் மூடி வெடித்த நீல மார்க்கர் பேனா ஒன்று கிடக்கிறது. மை வற்றி நாளாயிற்று. தூக்கிப் போட மனம் வரவில்லை. என் தாய்மாமா தன் வலியை முதன்முதலாக ஒப்புக்கொண்டது இந்தப் பேனாவால்தான்.

மாமா கம்பளையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. இடது தொடை இடுக்கில் குடலிறக்கம். கண்டியில் அவரைச் சேர்த்த வார்டில் நான் தாதி. சிங்களம் மட்டும் பேசும் டொக்டருக்கும் அவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தவளும் நானே. அறுப்பதற்கு முன்பே, வலிக்கும் இடத்தை நோயாளியின் தோலில் பேனாவால் குறித்துக்கொள்வது அந்த டொக்டரின் வழக்கம். முன்பே கடும் வலி உள்ளவர்களுக்கு அது பின்னாலும் நிலைத்துவிடும் அபாயம் அதிகம், அதனால் குடல் மறுபடி பிதுங்காமல் வலை வைத்துத் தைக்கும்போது நரம்புகளைத் தேடிப் பார்த்து ஒதுக்க வேண்டும் என்பார்.

"வலி ஒன்னுமில்லீங்க சேர்" என்றார் மாமா. நானும் அப்படியே சிங்களத்தில் சொல்லித் தொலைத்தேன். பொய் என்று எனக்குத் தெரியும். உடுத்திய சாரம் உரசினாலே பல்லைக் கடிப்பவர் அவர். ஆனால் வலி என்று வாய் திறந்தால் அறுக்கும் திகதியைத் தள்ளிப்போட்டு விடுவார்கள் என்பது எங்கள் ஆட்களுக்கு ஊறிப்போன பயம். அந்தத் திகதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

அவரோடு மூட்டை தூக்கிய ஒருவர் இதே குடலிறக்கத்தை வேறெங்கோ அறுத்துக்கொண்டு வந்து, காயம் ஆறியும் தொடை எரிச்சலோடு வீட்டிலேயே முடங்கிப் போயிருந்தார். மாமாவுக்கும் அதே கதியா? மறுநாள் காலை அவரை அறுக்கக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்து நின்றதும் என்னால் பொறுக்க முடியவில்லை. டொக்டரிடம் ஓடி, நேற்றுச் சொன்னது பொய் என்றேன். அவரைக் கூட்டி வந்து மாமாவிடமும் அதைச் சொன்னேன்.

"அடிப்பாவி, என் திகதியக் கெடுத்துட்டியே!" என்று மாமா கத்தினார். டொக்டர் திகதியைத் தள்ளவில்லை. பேனாவை மாமாவின் கையிலேயே கொடுத்தார். மாமா இடுக்கிலிருந்து உள்தொடை வரை ஒரு கோடு இழுத்தார். அவ்வளவு நீளமா!

ஒப்பரேசன் தியேட்டர் கதவைப் பார்த்தபடியே நின்றேன். அங்கே ஓடும் மூன்று நரம்பையும் கண்டதாகவும், காப்பாற்ற முடியாத ஒன்றை வெட்டியதாகவும் வெளியே வந்த டொக்டர் சொன்னார். அந்த இடம் மரத்துப்போகலாம். எரிச்சல் வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார்.

மூன்று மாதம் மாமா என்னோடு பேசவில்லை. பிறகு கிளினிக்கில் டொக்டர் அதே பேனாவை மறுபடி நீட்டினார். மாமா அதை வாங்கினார். திரும்பவும் பொய் சொல்வாரோ என்று பயந்தேன். உள்தொடையில் ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஒரு வட்டம் போட்டார். "இங்க மட்டும் மரத்தாப்புல இருக்கு." மூடியை மாட்டிப் பேனாவை என் கையில் வைத்தார். "எரிச்சல் இல்ல புள்ள. இருந்தா சொல்லுவேன்."

இன்றும் வார்டில் யாராவது "ஒன்னுமில்லீங்க" என்றால் நான் உடனே சிங்களத்தில் சொல்வதில்லை. இன்னொரு தடவை கேட்கிறேன்.