ரம்பாபென் குறை தேடிய வைரம்

ரம்பாபென் கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பாள். சூரத்தில், வராச்சா பக்கம் ஒரு வைரப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் கல் தரம் பிரித்தவள். பதினாறாம் வருஷம் ஒரு கல் காணாமல் போனது. முப்பது பேர் முன்னால் அவளைத்தான் புடவையை உதறிக் காட்டச் சொன்னார்கள். சாயங்காலம் அந்தக் கல் மேனேஜர் கல் மடித்து வைக்கும் காகிதத்திலேயே கிடைத்தது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கப்புறமும் ஆறு வருஷம் அங்கே இருந்தாள், ஒருத்தரோடும் சேர்ந்து டீ குடிக்காமல்.

வேலையை விட்டபின், வைரம் வாங்கப் போகிறவர்களோடு கூடப் போய்ப் பார்த்துச் சொல்வது அவள் பிழைப்பாயிற்று. அப்படித்தான் நவ்சாரியிலிருந்து பல் டாக்டர் ஃப்ரேனி வந்தாள். பார்சிக்காரி, வாய் நிறையப் பேச்சு. மாமியார் கொடுத்த வைரத்தோட்டில் ஒன்றை ரயிலில் தொலைத்துவிட்டாள்; மற்றதற்கு ஜோடி வேண்டும். மிச்சமிருந்தது கையால் பட்டை தீட்டிய அந்தக் காலத்துக் கல். முகம், அதாவது மேலே இருக்கும் தட்டையான பகுதி, சின்னது; அதைச் சுற்றிச் சரியும் தோள் உயரம். அடிமுனையைக் கூராக விடாததால் நடுவே ஒரு புள்ளி தெரியும். அதே பாணியில் இப்போது புதிதாகப் பட்டை தீட்டுகிறவர் சூரத் வைரச் சந்தையான மஹீதர்புராவில் கடை வைத்திருக்கும் வல்ஜிபாய்.

வல்ஜிபாய் முதலில் சான்றிதழை நீட்டினார். நிறம், எடை, சுத்தம் எல்லாம் அதில் இருந்தது. பட்டையின் தரம் மட்டும் இல்லை. இந்த வடிவத்துக்கு அதைப் போடுவதில்லை என்றார். ரம்பாபென்னுக்கு அது தெரியும். தெரிந்தும், அவர் சொன்ன விதம் பிடிக்கவில்லை.

"விளக்க அணைங்க, பாய்."

"வைரத்த இருட்டுலயா பாப்பாங்க?"

"உங்க விளக்குக்குக் கீழ கண்ணாடிச் சில்லும் மின்னும். ஜன்னல்கிட்ட வாங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் முதல் கல் நொறுக்கிய ஐஸ்கட்டிபோல் பொடிப்பொடியாக மினுங்கியது. பழைய கல்லில் இருந்த பெரிய, நிதானமான ஒளித் துண்டுகள் இல்லை. ஒதுக்கினாள். இரண்டாவது கல்லின் முகம் பார்க்க நன்றாயிருந்தது. இடுக்கியில் பக்கவாட்டில் திருப்பினாள். வயிறு பருத்திருந்தது. எடையெல்லாம் அடியில், மேலே பார்த்தால் கல் சின்னதாகத்தான் தெரியும். வாங்குகிறவள் கண்ணுக்குத் தெரியாத எடைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதான். அதையும் ஒதுக்கினாள்.

வல்ஜிபாய் மேஜை இழுப்பறையை லேசாகத் திறந்து மூடியதை அவள் பார்த்துவிட்டாள்.

"அதுல என்ன?"

அவர் கொஞ்சம் தயங்கி மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்தார். பழைய தோட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும் ஃப்ரேனி பேச்சை நிறுத்தினாள். அதே லேசான மஞ்சள், அதே தோள், நடுவில் அதே புள்ளி. ஆட்டினால் ஒளி ஒரு பக்கம் அணைந்து மறுபக்கம் எழுந்தது.

ரம்பாபென்னுக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல கல்லை ஏன் ஒளித்து வைத்தார்? ஆய்வகத்தில் வளர்த்ததோ என்று நினைத்து, தெருமுனையில் சோதிக்கும் இடத்துக்கு வல்ஜிபாயையும் கூட்டிக்கொண்டு போனாள். நிலத்தில் விளைந்ததுதான் என்றார்கள். கடைக்குத் திரும்பி, விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்குமோ என்று லென்ஸில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இல்லை. திருட்டுக் கல்லோ என்று கேட்டே விட்டாள்.

வல்ஜிபாய் முகம் கறுத்துப்போனது. "என் கையால பதினோரு நாள் தீட்டினது. விக்க மனசு வரல, அவ்வளவுதான். உங்க மாதிரி ஆளுங்ககிட்ட இதச் சொன்னா நம்புவீங்களா?"

அவள் நம்பவில்லை. மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம் என்று ஃப்ரேனியை எழுப்பிக் கூட்டிப் போனாள்.

ஒன்பது நாள் கழித்து ஃப்ரேனி ரம்பாபென் வீட்டுக்கே வந்தாள், காதில் இரண்டு தோடும் மின்ன. கடைக்குப் போன மறுநாளே தனியாகப் போய் வாங்கிவிட்டாளாம். பழைய கல்லுக்கு ஜோடியாகட்டும் என்று வல்ஜிபாயும் மனசு மாறிக் கொடுத்துவிட்டாராம்.

"நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?" என்றாள் ரம்பாபென்.

"சொன்னீங்க. ஆனா மூணு மணி நேரம் தேடியும் உங்களால ஒரு குறை சொல்ல முடியல. அதுக்கு மேல எனக்கு எந்தச் சர்டிபிகேட் வேணும்?"

ரம்பாபென்னுக்குக் கோபம் வந்தது. பாதியிலேயே அது வேறு என்னவோ ஆனது. வல்ஜிபாயிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. புடவையை உதறிய அந்த நாளும் கூடவே வந்தது. அவளையும் அப்படித்தானே சந்தேகப்பட்டார்கள்.

மறுநாள் காலை மஹீதர்புராவுக்குப் போனாள். வல்ஜிபாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அன்றைக்குக் கேட்டது தப்பு என்று நின்றபடியே சொன்னாள்.  அவர் வாசலில் நின்ற டீக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டினார்.

ரம்பாபென் உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கியவள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.