கட்டாத கிணற்றில் விட்ட மீன்

தங்கை குடும்பத்தோடு வெளிநாடு போனபோது வீட்டுப் பொருட்களில் பெரும்பாலானவற்றை விற்றுவிட்டாள். மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டியை மட்டும் ஒருவரும் வாங்கவில்லை. அதை உருத்திரபுரத்தில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எங்கள் வீடு என்று பழக்கத்தில் எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் இறந்த பிறகு அங்கே நான் மட்டும்தான்.

தொட்டியில் இருந்த வண்ண மீன்கள் முதல் மாதத்திலேயே செத்துப்போயின. பழைய தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டு ஒரேயடியாகக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பியது என் பிழை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தப்பியது ஒன்றே ஒன்று. சுண்டுவிரல் நீளம், கறுப்பு நிறம், முரட்டுத் தோல். வாய் உடம்பின் அடிப்பக்கத்தில் இருந்தது. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும். தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றாராம். எவ்வளவு பெரிதாக வளரும் என்று அவர் சொல்லவில்லை. தங்கையும் கேட்கவில்லை.

கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி, சீனி நிறுத்துக் கொடுப்பது என் வேலை. அங்கே ஆட்களோடு அதிகம் கதைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்தால் கதைக்க ஆளே இல்லை. பின்னேரங்களில் பூசணித் துண்டைத் தண்ணீரில் போடும் முன் வாளியில் மூன்று தரம் தட்டுவேன். சில மாதங்களில், தட்டியதும் தொட்டிக்குள் கிடந்த ஓட்டுத் துண்டுக்குப் பின்னாலிருந்து அந்த மீன் வெளியே வரத் தொடங்கியது. நான் கூப்பிட்டு ஓர் உயிர் வருகிறது என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்கள் என்று பயம்.

இரண்டு வருடத்தில் அது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையான நீளத்துக்கு வளர்ந்தது. தொட்டிக்குள் திரும்பும்போது வால் கண்ணாடியில் அடிபட்டது. ஒரு நாள், குளத்தில் தானே வலை போட்டுப் பிடித்த மீனைச் சைக்கிளில் கொண்டுவந்து விற்பவர், படலையடியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உதென்ன, முதலைக்குட்டியோ?"

"மீன், தம்பி."

"இதை ஒருக்காலும் குளத்தில விட்டிடாதேங்கோ. அங்கால ஒரு குளத்தில ரெண்டு மூண்டு வலையில பட்டது. முள்ளால வலையை நார்நாராக் கிழிச்சுப்போட்டுது. வாங்கவும் ஆளில்லை, தின்னவும் ஆளில்லை. குளக்கட்டில பொந்து தோண்டித்தான் முட்டை போடுமாம். எங்கட குளத்திலயும் பெருகினா நான் சைக்கிளை வித்துப்போட்டு உங்கட கடைக்குத்தான் மூட்டை தூக்க வரவேணும்."

நான் தலையாட்டினேன். குளத்தில் விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். கிணற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பாவிக்காத கிணறுகளில் மீன் விடுவது வழக்கம். போரால் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில், நுளம்பு பெருகாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்கு வீடு சிறிய மீன்களை விட்டோம். எங்கள் வளவின் பின்பக்கம், வயலை ஒட்டி, சுற்றிக் கட்டுக் கட்டாத பழைய கிணறு ஒன்று உண்டு. கிணறு என்றால் நாலு பக்கமும் அடைபட்ட இடம்தானே என்று நினைத்து ஆவணியில் மீனை அதற்குள் இறக்கினேன். பின்னேரங்களில் விளிம்பில் குந்தியிருந்து வாளியில் தட்டுவேன். கீழே இருட்டுத் தண்ணீரில் அது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. நாலாம் நாள் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. வயலிலும் வெள்ளம். வயல் வெள்ளம் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் குளத்துக்குப் போகும். பிறந்த நாளிலிருந்து மாரியில் இந்தக் கிணறு நிரம்பி வழிவதைப் பார்த்தவள் நான். ஆவணியில் அது எப்படி என் நினைவில் வராமல் போனது என்று இன்றும் விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் கேட்டுப் படலைக்கு ஓடினேன். அயல் வீட்டுப் பெண்கள் மீன் வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க, அவர் சைக்கிளில் ஏறி மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

"தம்பி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நடந்ததைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்தார். "குளத்தில விடாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ!"

"குளத்தில விடேல்லைத் தம்பி. கிணத்தில..."

"இன்னும் ரெண்டு நாளில கிணறும் குளமும் ஒண்டுதான் அக்கா. ஒரு மீன்தானே?"

"ஒண்டுதான்."

"அங்க ஆரும் ஏற்கெனவே ஒண்டை விட்டிருந்தா, கலியாணம் பேசி வைச்ச புண்ணியம் உங்களுக்குத்தான்."

பின்னேரம் தூண்டு வலையோடு வந்தார். அது மீனை அள்ளி எடுக்கிற, பிடி போட்ட சிறிய வலை. கலங்கல் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் துழாவினார். சேறுதான் வந்தது.

"ஒளிச்சிட்டுது. இனி என்னண்டு பிடிக்கிறது?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு விளிம்பில் குந்தினேன். மூன்று தரம் தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திரும்பவும் தட்டினேன். கறுப்பு முதுகு மெல்ல மேலே வந்தது. அவர் ஒரே அள்ளாக அள்ளினார். அது வலைக்குள் கிடந்து அடித்த சத்தத்தைக் கேட்கக் கூடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தலையில ஒரு போடு போட்டா அலுவல் முடிஞ்சுது," என்றார்.

"வேண்டாம் தம்பி. குளிக்கிற சீமெந்துத் தொட்டி இருக்கு. அதில விடுறன். அந்தத் தண்ணி வாழைக்குத்தான் போகும், வாய்க்காலுக்குப் போகாது. நான் வாளியில குளிப்பன்."

அன்றுவரை அவரோடு நான் அவ்வளவு கதைத்ததில்லை. அவர் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்தார். மேலே போடக் கம்பி வலைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டினார்.

"சரி, ஆயுள் மறியல். செத்தாலும் வாய்க்காலில எறியாதேங்கோ, கிடங்கு வெட்டித் தாட்டுப்போடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. ஊரே பார்க்கப் போனது, நானும் போனேன். தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுந்தது. அதற்குள் என் மீன் இல்லை என்ற நிம்மதியோடு கொஞ்ச நேரம் நின்றேன். மீன்காரர் கூட்டத்துக்குள் என்னைக் கண்டு, "கைதி சுகமோ அக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

சுகம்தான். காலையில் பார்த்தால் பூசணியின் தோல் மட்டும் மிதக்கும். ஆனால் வலையில் அள்ளிய அந்த நாளுக்குப் பிறகு தட்டினால் அது வருவதில்லை. அன்று குளத்தடியிலிருந்து வந்தும் தட்டிப் பார்த்தேன். நுளம்பு கடிக்கும் வரை கம்பி வலைக்கு மேலே குனிந்து நின்றுவிட்டு, பூசணித் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.