ஜேசுரட்ணத்துக்குப் போர்த்திய சால்வை

வுப்பர்டால் தமிழர் உதைபந்தாட்ட அணியில் யார் எங்கே ஆடுவது என்று ஒவ்வொரு வாரமும் சண்டை வரும். ஒரேயொரு இடத்துக்கு மட்டும் சண்டை வந்ததில்லை. இடது பக்கம் நின்று எதிராளியைத் தடுக்கும் லெப்ட் பாக் என்றால் ஜேசுரட்ணம். ஊரில், குருநகரில், மீசை அரும்பிய காலத்தில் அந்த இடத்தில் நிற்கத் தொடங்கியவர், கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த பிறகும் அதே இடத்தில்தான் நின்றார். 1989ஆம் ஆண்டு கோடையில் அவருக்கு வயது நாற்பத்துமூன்று.

கிழமை நாட்களில் அவர் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருடைய பெயரை வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டு விரலைக் காட்டி அழைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், செங்கல்லை அரைத்துக் கொட்டியது போன்ற அந்தச் சிவப்புத் தூள் மைதானத்தில், "ஜேசண்ணை, ஆளைப் பிடியுங்கோ!" என்று முழு அணியும் கத்தும். அந்தச் சத்தத்துக்காகவே அவர் சனிக்கிழமை இரவு நேரத்தோடு படுப்பார்.

புஸ்பவதிக்கு இந்த விளையாட்டில் விருப்பமில்லை. சிவப்புத் தூள் காற்சட்டையை விட்டுப் போகாது.

"காலை முறிச்சுக்கொண்டு வந்தால் கோப்பையை ஆர் கழுவுறது? நானோ?" என்பாள்.

"கால் முறிஞ்சாலும் கை இருக்குதெல்லே," என்பார் அவர்.

அவர்கள் குடியிருந்த கட்டிடத்தைப் பராமரித்தவர் கரெத். தமிழர்கள் வாயில் அவர் 'ஹவுஸ்மாஸ்டர்'. பிரிட்டிஷ் படையில் வேலை செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட வேல்ஸ்காரர். அவருக்கும் ஜேசுரட்ணத்துக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: அரைகுறை ஜேர்மன், உதைபந்தாட்டம்.

மே மாதக் கடைசியில் வேல்சும் மேற்கு ஜேர்மனியும் கார்டிஃப் நகரில் மோதின. உலகக் கிண்ணத்துக்கான தகுதி ஆட்டம். அன்று பின்னேரம் கரெத் வந்து கதவைத் தட்டி, தன் அரைகுறை ஜேர்மனில் சொன்னார்.

"ஜேசு, என்ர மனுசியின்ர தம்பிமார் மூண்டு பேரும் வந்திருக்கிறாங்கள். எல்லாம் ஜேர்மன் பக்கம். என்ர பக்கம் கத்த ஒரு ஆள் வேணும்."

ஜேசுரட்ணம் அரைவாசி சாப்பிட்ட சோற்றுக் கோப்பையோடு எழுந்து போனார். புஸ்பவதி பின்னால் ஒரு தட்டு ரோல்ஸ் அனுப்பினாள்.

தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். ஜேர்மனியர்கள் அலை அலையாக வந்தார்கள். வேல்ஸ்காரர்களோ குறுக்கே விழுந்தார்கள், தலையால் அடித்தார்கள், உதைத்துத் தள்ளினார்கள். அவர்களில் பலர் வருடக்கணக்காக அந்தச் சிவப்புச் சட்டையோடு நிற்பவர்கள் என்று கரெத் ஒவ்வொருவராகக் காட்டினார். சின்ன நாடு, ஆளை மாற்ற ஆளில்லை, அதனால் வந்தவன் நிற்பான், நின்றவன் லேசில் போகமாட்டான். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தபோது இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் ரோல்ஸ் தட்டு கவிழ்ந்தது.

"இவங்களெல்லாம் பொடியள்," என்றார் கரெத், மூச்சு வாங்கியபடி. "மெரிடித் எண்டு ஒரு மனுசன் இருந்தவர். பழைய காலம். நிலக்கரிச் சுரங்கத்தில வேலை செய்தவர். பல்லுக்குத்தியைச் சப்பிக்கொண்டே ஆடுவார். வேல்சுக்குக் கடைசியா ஆடேக்க வயசு நாற்பத்தைஞ்சு. இங்கிலாந்தோட ஆட்டம், அதுவும் லண்டனில. வெண்டிட்டம்!"

"நாற்பத்தைஞ்சோ?"

"நாற்பத்தைஞ்சு!"

ஜேசுரட்ணம் மாடிப்படிகளை இரண்டு இரண்டாகத் தாவி ஏறி வீட்டுக்கு வந்தார். "புஸ்பம், எனக்கு இன்னும் இரண்டு வருசம் கிடக்கு," என்றார். எதற்கு இரண்டு வருடம் என்று அவளுக்கு விளங்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அணியின் செயலாளர் கணேசலிங்கத்துக்கு வேறு யோசனை இருந்தது. புதிதாக வந்து சேர்ந்த சிறீதரனுக்கு இடது கால் பலம். ஓடினால் தூசி மட்டும்தான் தெரியும். அவனை லெப்ட் பாக்கில் போடவேண்டும். ஆனால் ஜேசண்ணையிடம் போய் "இனி நீங்கள் வேண்டாம்" என்று யார் சொல்வது? முன்வரிசையில் ஆடும் சோதிலிங்கம் மாட்டேன் என்றான். மற்றவர்கள் சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கினார்கள். கடைசியில் கணேசலிங்கமே ஊரில் பழகிய வழியைக் கண்டுபிடித்தார். ஒருவரை அனுப்பிவைக்க வேண்டுமென்றால் மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்திவிட வேண்டும். போர்த்தியவரும் பெரியவர், போர்த்தப்பட்டவரும் பெரியவர். வாயைத் திறந்து யாரும் எதையும் சொல்லத் தேவையில்லை.

வுப்பர்டாலில் சரிகைச் சால்வைக்கு எங்கே போவது? கணேசலிங்கம் புஸ்பவதியிடம் வந்தார்.

"அக்கா, அண்ணையை ஒருக்காக் கௌரவிக்கப் போறம். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. உங்களிட்டை ஒரு பட்டுச் சால்வை இருக்குமோ?"

அவளுக்கு எல்லாம் விளங்கியது. இனி ஞாயிற்றுக்கிழமையில் காற்சட்டை தோய்க்கத் தேவையில்லை. முறிந்த காலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடவும் தேவையில்லை. பெட்டியின் அடியிலிருந்து சால்வையை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகு இரண்டு நாள் ஜேசுரட்ணத்தின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.

ஜூன் மாத ஞாயிறொன்றில் ஹாகன் நகரத் தமிழ் அணியோடு ஆட்டம். மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். குழந்தைகள், வடைப் பாத்திரங்கள், தேநீர்ப் போத்தல்கள். எந்தப் பக்கமும் சாராத றெபரி வேண்டுமென்று கரெத்தைப் பிடித்திருந்தார்கள். அவர் கறுப்புக் காற்சட்டையும் விசிலுமாக விறைப்பாக நின்றார்.

கணேசலிங்கம் நடு மைதானத்துக்கு வந்து கையைத் தூக்கினார். "இருபத்தைஞ்சு வருசமாப் பந்தாடி, இண்டையோட ஓய்வு பெறுகிற எங்கட ஜேசுரட்ணம் அண்ணையைக் கௌரவிக்கிறம்!"

கைதட்டல் எழுந்தது. மூன்றாம் இலக்கச் சட்டையோடு உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த ஜேசுரட்ணம் விறைத்துப் போனார். சால்வை தோளில் விழுந்தது. கரையைத் தடவினார். மூலையில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார்.

"இது என்ர சால்வையெல்லோ," என்றார். "கலியாணத்துக்குப் போட்டது."

முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கூட்டத்தில் புஸ்பவதியைத் தேடினார். அவள் தேநீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தாள்.

சால்வை போர்த்தப்பட்டவர் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். கணேசலிங்கம் அதற்கு இடம் கொடுத்து விலகினார். அதுதான் அவர் விட்ட பிழை.

"கௌரவத்துக்கு நன்றி," என்றார் ஜேசுரட்ணம். "ஆனா ஓய்வெண்டு ஆர் சொன்னது? நான் சொன்னனானோ? வேல்ஸ் எண்டு ஒரு நாடு இருக்கு. அங்க நாட்டுக்காக ஆடுறவனுக்குத் தொப்பி குடுப்பாங்கள். ஆட ஆடத் தொப்பி. ஆட்டத்தை நிப்பாட்டச் சால்வை போர்க்கிறேல்லை. நாற்பத்தைஞ்சு வயசில இங்கிலாந்தை வெண்ட மனுசன் அங்க இருந்தவர். நம்பாட்டி அந்தா றெபரியைக் கேளுங்கோ!"

கரெத்துக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் வேல்ஸ் என்ற பெயர் கேட்டதும் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணையை ஆட விடுங்கோடா, எங்களுக்கு நல்லது!" என்று ஹாகன் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"அண்ணை, சிறீதரன் உடுப்பு மாத்தி நிக்கிறான்," என்றார் கணேசலிங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நிக்கட்டும். அவங்கட பக்கம் ஓரத்தால ஓடுற விங் பொடியன் மூண்டு தரம் என்னைத் தாண்டினால் நானே வெளியில வாறன். ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை."

சால்வையை மடித்து, நடந்துபோய் புஸ்பவதியின் கையில் கொடுத்தார். திரும்பி இடது பக்கத்துக்கு ஓடினார்.

விசில் ஊதியது. ஹாகன் விங்கில் ஆடியவன் பச்சைக் கால்மேசு போட்ட ஒல்லிப் பொடியன். முதல் பந்திலேயே காற்றாக வந்து ஜேசுரட்ணத்தைத் தாண்டினான்.

"ஒண்டு!" என்று எண்ணியது ஹாகன் கூட்டம்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அவர் காலை நீட்டினார். கால் போன இடத்தில் பந்து இல்லை.

"ரெண்டு!"

கணேசலிங்கம் சிறீதரனின் தோளைத் தட்டினார். சிறீதரன் எழுந்து நின்று குதிக்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு ஜேசுரட்ணம் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பொடியனின் இடுப்பைப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் நின்றார். கோட்டுப் பக்கம் வழியைத் திறந்துவிட்டு உள்ளே வரும் வழியை அடைத்தார். பொடியன் கோட்டோரமாக ஓடி ஓடி மூலைக் கொடியில் போய் முட்டிக்கொண்டு நின்றான். ஜேசுரட்ணம் விழுந்து பந்தைப் பறிக்கவே இல்லை. அந்தத் தூளில் விழுந்தால் தோல் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். இடைவேளை கழிந்து சோதிலிங்கம் ஒரு கோல் அடித்தான். வுப்பர்டால் கூட்டம் வடையை விட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்தது.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும். நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து. பொடியன் அவருக்கு முன்னால் எடுத்தான், உள்ளே வெட்டினான், தாண்டிவிட்டான்.

"மூண்டு!"

ஆனால் ஜேசுரட்ணம் நிற்கவில்லை. பொடியனைத் துரத்தாமல் நேராகக் கோலை நோக்கி ஓடினார். "விடாதேங்கோ! ஓடுங்கோ!" என்று ஒரு குரல் கோட்டோரமாக அவரோடு ஓடிவந்தது. புஸ்பவதியின் குரல். பொடியன் அடித்தான். கோலியின் கையில் பட்டுத் துள்ளிய பந்து வெறும் கோலை நோக்கி உருண்டது. கோட்டின் மேல் ஒரு நெஞ்சு குறுக்கே விழுந்தது. பந்து வெளியே போனது. ஜேசுரட்ணத்தின் முழங்கை இரண்டும் உரிந்து சிவந்திருந்தன.

"மூண்டு தரம், அண்ணை! வெளியில வாங்கோ!" என்றார் கணேசலிங்கம்.

ஜேசுரட்ணம் எழுந்து தூளைத் தட்டினார். கோட்டுக்கு நடந்து வந்தார்.

"ஆள் தாண்டினவன், ஓம். பந்து தாண்டினதோ?"

சிரிப்பை அடக்கமுடியாமல் நின்றவன் சிறீதரன்தான். "அண்ணை நிக்கட்டும். சோதி அண்ணைக்கு மூச்சு வாங்குது, நான் முன்னுக்குப் போறன்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினான். சோதிலிங்கம் மகிழ்ச்சியோடு வெளியே வந்து புல்லில் படுத்தான்.

கரெத் கடைசி விசில் ஊதும்வரை அந்தப் பொடியன் இடது பக்கம் வரவேயில்லை.

ஆட்டம் முடிந்ததும் புஸ்பவதி முழங்கையில் தண்ணீர் ஊற்றினாள். "எரியுதோ?" என்று கேட்டாள். "எரியட்டும்," என்று அவளே பதிலும் சொன்னாள். கணேசலிங்கம் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார்.

"தம்பி, அடுத்த ஞாயிறு எத்தினை மணிக்கு?"

கணேசலிங்கம் நின்று அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"பத்துக்கு. பிந்தி வராதேங்கோ."