ஐஸ் பெட்டிக்குக் கற்பூரம்

தேயிலைத் தோட்டத்து ஆலையான ஸ்டோரில் இயந்திரம் பார்க்கும் பிட்டர் முத்துலிங்கத்தின் இடுப்புவலிக்கு ஒரே காரணம் சோலைமலைதான். பல வருஷத்து வயிற்றெரிச்சல் அது. வட்டகொடைக் கடைத்தெருவில் இதை அவர் சொல்லாத கடை கிடையாது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். துரை பங்களா ஐஸ் பெட்டியை அவர்களும் தலைகீழாகத் தூக்கி நிறுத்தியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

சோலைமலை அந்தப் பங்களாவில் சமைக்கும் கோக்கி. வெள்ளைக் கோட்டு, நெற்றி நிறையப் பட்டை. காலையில் அடுப்பு மூட்டுமுன் ஐஸ் பெட்டிக்குத்தான் பூசை. அது மண்ணெண்ணெயில் ஓடுவது. அடியில் விளக்கு எரிந்தால் மேலே ஐஸ் கட்டும். வெள்ளைக்காரன் கொடி இறங்குமுன்பே வந்த பெட்டி. மூன்று துரைமார் அதில் தண்ணீர் குடித்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார்கள். பெட்டி போகவில்லை, சோலைமலையும் போகவில்லை.

திரியை ஏற்றிக் கற்பூரம் காட்டி, "பெரியவரே, இன்னைக்கு விருந்தாளி வர்றாங்க. புட்டிங் உறையணும். மானத்த வாங்கிராதீங்க" என்பான். கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால், "வயசானவங்க மூஞ்சியில அறையலாமாங்க?" கருவாட்டை உள்ளே வைக்க விடமாட்டான். பெரியவர் சைவமாம். துரையின் மாட்டிறைச்சி? "அது தொர பாவம்."

ஒவ்வொரு புதுத் துரை வந்த வாரத்திலும் பெரியவர் படுத்துவிடுவார். வெண்ணெய் ஒழுகும். பிட்டருக்கு ஆள் வரும். அந்த ரகப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி வைப்பதுதான் வைத்தியம் என்று பேச்சு. நாலு பேர் தூக்குவார்கள். கனமான பின்பக்கம் எப்போதும் முத்துலிங்கத்துக்கு. மறுநாள் நிமிர்த்திச் சோலைமலை கற்பூரம் காட்டினால் ஐஸ் கட்டிவிடும். இவனை விட்டால் பெட்டி இல்லை என்று துரைமாரும் நம்பினார்கள்.

இந்த முறை வந்தவர் கொழும்புத் துரை. துரைசாணி தன் கோக்கியையும் கூடவே கூட்டி வந்திருந்தார். பெட்டி வழக்கம்போல் படுத்தது. துரைசாணி முத்துலிங்கத்தைக் கூப்பிட்டு, "யாரு பத்த வச்சாலும் வேல செய்யிற மாதிரி பண்ணிக் குடுங்க. பொறகு இந்தச் சாமியாடி வேணாம், எங்க கோக்கி போதும்" என்று சொல்லிவிட்டுப் பூந்தோட்டம் பார்க்கப் போனார்.

முத்துலிங்கம் பெட்டிமேல் ரசமட்டத்தை வைத்தார். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்தால் அந்தப் பெட்டி குளிராது. தரையே கோணல். குனிந்து பார்த்தார், பெட்டியின் ஒரு காலடியில் மட்டும் சதுரமாக அழுக்கில்லாத தடம்.

"டேய் சோலை, இங்க இருந்த கட்ட எங்கடா?"

சோலைமலை கோட்டுப் பைக்குள் கைவிட்டு, தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டு ஒன்றை நீட்டினான். அதிலும் திருநீறு பூசியிருந்தது.

"அடப்பாவி! இதுக்காடா என்னைய ஒவ்வொரு தரமும் தூக்க வச்ச?"

"சும்மா கட்டய வச்சா யாருண்ணே மதிப்பா? நாலு பேரு முக்கித் தூக்குனாத்தானே வைத்தியம்?"

முத்துலிங்கம் துண்டைப் பிடுங்கிக் காலடியில் தட்டி ஏற்றினார். ரசமட்டத்துக் குமிழி நடுவில் வந்து நின்றது.

"முடிஞ்சிச்சுடா ஒன் பூசாரித்தனம்."

சோலைமலை சண்டைக்கு வரவில்லை. கோட்டுப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தான். "எனக்குத் தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிக்கத் தெரியாதுண்ணே. இந்தப் பெரியவர மட்டுந்தான் தெரியும்."

வராந்தாவில் துரைசாணியின் செருப்புச் சத்தம் கேட்டது. சோலைமலை குரலைத் தாழ்த்தினான்.

"பிட்டரண்ணே, அந்தக் கட்டய உருவி ஒங்க பையில போட்டுக்கிட்டுப் போயிருங்க. சாயந்தரம் வந்து வாங்கிக்கிறேன். இனிமே பின்பக்கத்த நான் தூக்குறேன்."

முத்துலிங்கம் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முனகியபடியே குனிந்தார்.